ஸ்டாண்டு

அவளுக்கு இப்போது நாற்பத்திரண்டு வயது. பல்கலைக்கழக மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் மேடையேறிப் பேசச் சொல்லிக்கொடுப்பது தொழில். முன்பற்கள் இரண்டும் அவளுடையவை அல்ல, பல் டாக்டர் கட்டிக் கொடுத்தவை. 'எஃப்' வருகிற சொல்லை உச்சரித்தால் மெல்லக் காற்று கசியும். உச்சரிப்பு சொல்லிக்கொடுக்கிறவளுக்கே உச்சரிப்பு சரியில்லை என்று பின்வரிசையில் சிரிப்பார்கள். அவளும் சேர்ந்து சிரிப்பாள். அவள் காதுக்கு எட்டாத இடத்தில் மாணவர்கள் அவளை 'ஸ்டாண்டு' என்பார்கள். காதுக்கு எட்டுகிற இடத்திலும் சிலர் சொல்வதுண்டு. பட்டப்பெயர் எப்படி வந்தது என்று அவர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அது ஒரு மனிதனின் கையை நசுக்கிவிட்டு வந்த பெயர்.

அப்பா சரக்கு லாரிகளில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர். அம்மா மருத்துவமனையில் தரை துடைக்கிறவர். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழில் படித்தாள். கணக்கு என்றால் உயிர். பொறியியலில் இடம் கிடைத்தது. முதல் நாளே அவளுடைய கணக்கையெல்லாம் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, "உன்னைப் பற்றி ஐந்து நிமிடம் ஆங்கிலத்தில் பேசு" என்றார்கள். பேர் சொன்னாள். ஊர் சொன்னாள். மீதி நாலே முக்கால் நிமிடம் தரையைப் பார்த்தாள்.

அந்தப் பல்கலைக்கழகத்தில் மேடைப்பேச்சுப் பயிற்சிக்கென்று ஒருவர் இருந்தார். வெயில் கொளுத்தினாலும் கழுத்தில் டை தொங்கும், அதனால் பெயர் 'டை'. அவருடைய பாடத்திட்டம் ஒரு மரப்பலகை. சிலேட்டு அளவு. அதில் வாய்ப்பூட்டு போட்ட கழுதை ஒன்று வரைந்திருக்கும். வளாகத்துக்குள் யார் ஒரு தமிழ்ச் சொல் பேசி மாட்டுகிறார்களோ அவர்கள் கழுத்தில் பலகை ஏறும். அதை இறக்க ஒரே வழி, தமிழ் பேசுகிற இன்னொருவரைப் பிடித்துக் கொடுப்பது. சாயங்காலம் நாலரை மணிக்குப் பலகை யார் கழுத்தில் இருக்கிறதோ அவர்களுக்கு இரும்பு ஸ்கேலால் விரல் முட்டியில் பத்து அடி.

பதினெட்டு வயது தாண்டியவர்களை அடிக்கலாமா என்று கேட்பீர்கள். எந்த வயதுக்காரரையும் அடிக்கக் கூடாது. ஆனால் 'வேலைவாய்ப்பு' என்ற சொல்லைச் சொன்னால் போதும், படித்த பெற்றோரும் படிக்காத பெற்றோரும் ஒன்றுபோலக் கையைக் கட்டிக்கொள்வார்கள். கடவுளுக்குப் பயந்து அடங்கியவர்கள் இப்போது கம்பெனிக்குப் பயந்து அடங்குகிறார்கள். ஆங்கிலம் வேண்டும். மூட்டை தூக்குகிறவர் மகளுக்கு அது நிச்சயம் வேண்டும். பூட்டியிருக்கிற ஆயிரம் கதவுகளுக்கு அது சாவி. ஆனால் சாவியைக் கையில் கொடுப்பதற்கும் அதைக் காய்ச்சி நாக்கில் வைப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. டை வைத்தது சூடு.

பலகையால் மாணவர்கள் ஆங்கிலம் கற்கவில்லை. ஒளிந்து கேட்கக் கற்றார்கள், காட்டிக்கொடுக்கக் கற்றார்கள். கழிப்பறைக் கதவுக்கு வெளியே காத்திருந்து, உள்ளே தண்ணீர் வரவில்லை என்று முணுமுணுத்தவனைப் பிடித்த ஆட்களும் உண்டு. இரண்டாம் வருடத்தில் பலகைக்காக இரண்டு பேர் மாடிப்படியில் கட்டிப்புரண்டு ஒருவனுக்குத் தாடை பெயர்ந்தது. டை அதைக்கூட ஆங்கிலத்தில் விளக்கச் சொன்னார். தாடை பெயர்ந்தவன் எப்படி விளக்குவான்?

அவளுக்கு ஒரே ஒரு கூட்டாளி. கண்ணாடி தடிமனாக இருந்ததால் 'சோடாபுட்டி'. இறைச்சிக் கடைக்காரரின் தம்பி. அப்பா அம்மா இல்லாத அவனை அண்ணன்தான் வளர்த்தார். இருவரும் ஒப்பந்தம் போட்டிருந்தார்கள்: ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பதில்லை. அதனாலேயே இருவருடைய விரல் முட்டிகளும் எப்போதும் வீங்கியிருக்கும்.

"உன் கை என்னடா, வேகவெச்ச கிழங்கு மாதிரி இருக்கு?"

"உன்னுது மட்டும் என்ன, மோதிரம் போட்டா கழட்ட முடியாது. கல்யாணம் பண்ணிக்காதே."

இப்படித்தான் பேசிக்கொள்வார்கள். உதடு அசையாமல், தமிழில்.

கடைசி வருடம், கம்பெனிக்காரர்கள் வருகிற நாள். வெறும் மேடைப்பேச்சு போதாது, பட்டறையில் இயந்திரத்தை இயக்கியபடியே ஆங்கிலத்தில் விளக்க வேண்டும் என்று டை முடிவு செய்தார். அவளும் சோடாபுட்டியும் ஒரே குழு. பழைய லாரி என்ஜின் ஒன்றைப் பளுதூக்கியில் ஏற்றி, நாலு கால் இரும்புத் தாங்கியின்மேல் இறக்கி, ஆணி முடுக்கிக் காட்ட வேண்டும். தாங்கிக்குப் பட்டறையில் ஒரே பெயர்தான்: ஸ்டாண்டு. ஸ்பேனர், நட்டு மாதிரி அதுவும் அங்கே தமிழ்ச் சொல்தான். மைக்கில் அவள் விளக்குவாள். தாங்கியருகே சோடாபுட்டி நின்று ஓட்டைகளைப் பொருத்துவான். பளுதூக்கியின் பொத்தான் பெட்டியைப் பிடித்திருப்பவர் கிரேன்காரர்.

கிரேன்காரருக்கு ஐம்பத்தாறு வயது. ஒப்பந்தத் தொழிலாளி. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து தெரியாது. ஆனால் இருபத்தெட்டு வருடத்தில் அவர் கையால் ஒருவருக்கும் ஒரு நகம்கூடப் பெயர்ந்ததில்லை. அதற்குக் காரணம் அவர் வைத்திருந்த ஒரு வழக்கம். சுமையை ஒவ்வொரு சாண் இறக்குவதற்கு முன்னும் "கை?" என்று கத்துவார். கீழே இருப்பவர் "எடுத்தாச்சு" என்று பதில் கத்த வேண்டும். பதில் வராமல் அவர் கட்டைவிரல் பொத்தானைத் தொடாது. அவ்வளவுதான். இதைவிட நல்ல பாதுகாப்பு விதியை எந்தப் புத்தகமும் எழுதியதில்லை.

முந்தைய நாள் ஒத்திகையில் டை காதைப் பொத்திக்கொண்டு ஆங்கிலத்தில் சீறினார். "என்ன இது, சந்தை மாதிரி கை, கைன்னு? நாளைக்கு இந்த ஆள் வாயைத் திறக்கக் கூடாது."

கிரேன்காரர் அவளிடம் கேட்டார்: "ஏம்மா, என்ன சொல்றாரு?"

"கத்தக் கூடாதாம்ண்ணே."

"கத்தாம எப்படிம்மா இறக்குறது? எனக்கு என்ன, இரும்பைத் துளைச்சுப் பாக்குற கண்ணா இருக்கு? என்ஜின் நடுவுல வந்து மறைச்சா அந்தப் புள்ளை கை எங்கே இருக்குன்னு தெரியாது."

இந்தப் பதிலை அவள் ஆங்கிலமாக்கிச் சொல்ல முயன்றாள். பாதியில் தடுக்கித் தமிழில் முடித்தாள். டை அதைக் காதில் வாங்கவில்லை. பலகையை எடுத்து அவள் கழுத்தில் மாட்டினார். நாலரை மணிக்குப் பத்து அடி விழுந்தது.

மறுநாள் காலை பத்து மணி. கம்பெனிக்காரர்கள் ஐந்து பேர் நாற்காலிகளில். அவள் நன்றாகத்தான் பேசினாள். மனப்பாடம் செய்தது தண்ணீர்போல வந்தது. என்ஜின் தாங்கிக்கு ஒரு முழம் மேலே தொங்கியது. கிரேன்காரர் வாயை மூடிக்கொண்டு மெல்ல மெல்ல இறக்கினார். அரை முழம். ஒரு சாண். அப்போது சோடாபுட்டியின் விரலிலிருந்து நட்டு ஒன்று நழுவித் தாங்கியின் நடுக்குழியில் விழுந்தது. அதை எடுக்கக் கையை உள்ளே விட்டான்.

கிரேன்காரருக்கு என்ஜின்தான் தெரிந்தது. அவளுக்குக் கை தெரிந்தது.

'நில்லு' என்ற சொல் அவள் தொண்டை வரை வந்தது. எதிரே டை நின்றிருந்தார், பலகையை முதுகுக்குப் பின்னால் பிடித்தபடி. கயிறு மட்டும் தெரிந்தது. அவள் விரல் முட்டிகள் நேற்றைய அடியில் இன்னும் கனத்துக்கொண்டிருந்தன. தொண்டைக்கும் உதட்டுக்கும் நடுவே அந்தச் சொல்லை அவள் மொழிபெயர்த்தாள்.

"ஸ்டாண்ட்! ஸ்டாண்ட்!"

ஒலிபெருக்கி அதைப் பட்டறை முழுக்க அலறியது.

சோடாபுட்டி ஆங்கிலம் அறிந்தவன். நிற்கச் சொல்கிறாள் என்று எண்ணி, குனிந்த நிலையிலேயே அசையாமல் நின்றான். கிரேன்காரர் பட்டறைத் தமிழ் அறிந்தவர். ஸ்டாண்டு என்கிறாள், ஸ்டாண்டில் வை என்கிறாள் என்று எண்ணினார். இறக்குகிற பொத்தானை ஆழமாக அழுத்தினார்.

நானூறு கிலோ. மணிக்கட்டுக்கு நாலு விரல் மேலே. எலும்பு முறிகிற சத்தம் பெரிதாக வராது, ஈரக் குச்சி ஒடிகிற மாதிரிதான் வரும் என்று அவள் பின்னாளில் சொன்னாள். தாங்கியின் கால் வழியே ரத்தம் இறங்கி, கிரீஸ் கறையோடு கலந்து, முன்வரிசைச் செருப்புகள் வரை வந்தது. சோடாபுட்டியின் கண்ணாடி கீழே விழுந்து, ஓடிய ஒருவர் காலடியில் நொறுங்கியது. "அம்மா" என்று கத்தினான். கிரேன்காரர் பொத்தான் பெட்டியை விட்டுவிட்டு என்ஜினை வெறுங்கையால் தள்ளினார். டை செய்த முதல் காரியம் மைக்கை அணைத்தது.

கையைக் காப்பாற்ற முடியவில்லை.

மறுநாள் காலை சோடாபுட்டியின் அண்ணன், அந்த இறைச்சிக் கடைக்காரர், பட்டறைக்கு வந்தார். கையில் சுமை தூக்குகிற இரும்புக் குழாய். கிரேன்காரரைத் தேடிப்பிடித்து ஒன்றும் கேட்கவில்லை, அடித்தார். தோள்பட்டை எலும்பு இரண்டாக உடைந்தது. விழுந்தவரை விலாவில் மிதித்தார். நாலு பேர் பிடித்து இழுத்தார்கள். போலீஸ் வந்தது. அடித்தவரைச் சமாதானம் சொல்லி அனுப்பிவிட்டு, அடிபட்டவரைக் கட்டுப் போட்டு லாக்கப்பில் வைத்து, பிறகு ரிமாண்டில் அனுப்பியது. பல்கலைக்கழக நிர்வாகம் புகார் கொடுத்திருந்தது: கிரேன்காரர் குடித்திருந்தார், மாணவி தெளிவாக நிறுத்தச் சொல்லியும் கேட்கவில்லை.

அவர் வாழ்நாளில் குடித்ததில்லை. ஆனால் லாக்கப்பில் இருக்கிற ஏழைத் தொழிலாளி குடிக்காதவர் என்று யார் நம்புவார்கள்? பழியைத் தலையில் கட்டுவதற்குத் தோதான தலை எது என்று நிர்வாகங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பழி நிலைக்க ஒரு சாட்சி வேண்டும். தொழிலாளர் துறையிலிருந்து அதிகாரி ஒருவர் விசாரணைக்கு வருகிறார். அவர் முன்னால் அவள் பேச வேண்டும், ஆங்கிலத்தில், ஆறு ஸ்லைடுகளோடு. பேசினால் பட்டம், கம்பெனியில் இடம். பேசாவிட்டால் வெளியே. டை நாலு நாள் பயிற்சி கொடுத்தார். எங்கே நிறுத்துவது, எப்போது அதிகாரியின் கண்ணைப் பார்ப்பது, 'துரதிர்ஷ்டவசமாக' என்ற சொல்லில் குரலை எவ்வளவு இறக்குவது. மூன்று வருடமாகக் கற்றுத்தராத எல்லாவற்றையும் அந்த நாலு நாளில் கற்றுத்தந்தார். மனிதர் மோசமான ஆசிரியர் அல்ல என்பது அப்போதுதான் தெரிந்தது. பொய்க்கு மட்டும் நன்றாகப் பாடம் எடுப்பார்.

"ஆனா அவர் குடிக்கலையே சார்" என்றாள், இரண்டாம் நாள்.

ஸ்கேல் வாயில் விழுந்தது. உதடு கிழிந்தது.

"நாலாவது ஸ்லைடு. மறுபடி முதல்லேர்ந்து."

வீட்டில் அப்பா கிழிந்த உதட்டைப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னாள். மூட்டை தூக்கித் தழும்பேறிய தோளைத் தடவிக்கொண்டார். "சொல்லிடும்மா. முதல்ல படிப்பை முடி. உண்மையை அப்புறமா பேசிக்கலாம், அது எங்கேயும் ஓடிடாது."

"அந்த அண்ணன் தண்டனையாகி ஜெயிலுக்கே போயிடுவாருப்பா."

"நாம போகாம இருந்தா சரி" என்றார். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

விசாரணைக்கு முந்தைய நாள் மதியம் மருத்துவமனைக்குப் போனாள். சோடாபுட்டி கண்ணாடி இல்லாமல் படுத்திருந்தான். கண்கள் சின்னதாக, யாரோ போல இருந்தான்.

"ஏன்டி ஸ்டாண்டுன்னே?"

"நில்லுன்னு சொல்ல வந்தேன்டா."

"நின்னேனேடி."

அவள் விலகியிருந்த போர்வையை இழுத்துவிட்டாள்.

"ஸ்டாப்புன்னு ஒரு வார்த்தை இருக்கு. ரோட்டுல பஸ்ஸுக்கு நிக்கிற இடத்துலகூட எழுதிவெச்சிருக்கான்."

"வரலைடா. அந்த நேரத்துல வரலை."

அவன் சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "நீதான் கத்தினேன்னு அண்ணனுக்குத் தெரியும். கிரேன்காரரு குடிச்சிருந்தாருன்னு நம்பிட்டிருக்கான். உன் வார்த்தையாலதான் இறக்கினாருன்னு தெரிஞ்சா உன்னை வெட்டிப் போட்டுடுவான். எங்கண்ணனைப் பத்தி எனக்குத் தெரியும். பேசாம இரு."

"அவரை உள்ளேயே வெச்சிடுவாங்கடா."

"அதுக்கு நான் என்ன பண்ண? என் கையையே என்னால எடுக்க முடியலை."

கருத்தரங்கக் கூடத்தில் விசாரணை. மேடையில் அதிகாரி, அவர் பக்கத்தில் எழுத்தர். முன்வரிசையில் நிர்வாகத்தார். கடைசி வரிசையில் இறைச்சிக் கடைக்காரர். சுவரோரமாக இரண்டு காவலர்களுக்கு நடுவே கிரேன்காரர், தோளில் கட்டோடு. நடப்பதெல்லாம் ஆங்கிலத்தில். தன்னைத்தான் விசாரிக்கிறார்கள் என்பதைத் தவிர அவருக்கு ஒன்றும் புரியவில்லை. யார் பேசினாலும் அவர்களுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முதல் ஸ்லைடைப் போட்டாள். நிமிர்ந்தாள். அதிகாரியின் கண்ணைப் பார்த்தாள், டை சொல்லிக்கொடுத்தபடியே. பிறகு கணினியை மூடினாள்.

ஆங்கிலத்தில் ஆறு வாக்கியம் பேசினாள். இலக்கணம் இரண்டு இடத்தில் உடைந்தது. நான் 'ஸ்டாண்ட்' என்று கத்தினேன். தமிழில் நில் என்பதை அப்படி மாற்றினேன். அவருக்கு அந்தச் சொல் இரும்புத் தாங்கியின் பெயர். அவர் நான் சொன்னதைத்தான் செய்தார். குடித்திருக்கவில்லை. அவர் வாயைத் திறக்கக் கூடாது என்று சொன்னவர் அதோ இருக்கிறார். இதைச் சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பினாள். "அண்ணே, உங்க மேல தப்பு இல்லைன்னு சொன்னேன். என் வார்த்தைதான் தப்பு. தமிழ் பேசினா அடிப்பாங்கன்னு பயந்து இங்கிலீஷ்ல கத்தினேன்."

டை எழுந்து மைக் வயரைப் பிடுங்கினார். அவள் நடந்ததை முழுக்க மைக் இல்லாமல் மறுபடி சொன்னாள். அந்தக் கூடத்தில் கடைசி வரிசைக்கும் கேட்டது. கேட்டதுதான் வினை. அவள் இரண்டாவது முறை சொன்னது தமிழில்.

நாற்காலிகள் சரிந்தன. இறைச்சிக் கடைக்காரர் நாலே எட்டில் மேடைக்கு வந்துவிட்டார். "நீயாடி? நீயா என் தம்பி கையை எடுத்தே?" முதல் குத்து வாயில். பின்னந்தலை மேசை விளிம்பில் மோதியது. கூந்தலைப் பிடித்துத் தூக்கி இரண்டாவது குத்து. இரண்டு பற்கள் எழுத்தரின் காகிதத்தின்மேல் விழுந்தன. மூன்றாவதுக்குக் கை ஓங்கியபோது கட்டு போட்ட தோளோடு கிரேன்காரர் குறுக்கே பாய்ந்தார். குத்து அவர் தோளில் இறங்கியது. இருபது நாள்கூட ஆகாத எலும்பு. அவர் போட்ட சத்தத்தில்தான் காவலர்களுக்கே உயிர் வந்தது.

முன்வரிசையில் இருந்த ஒருவரும் எழுந்திருக்கவில்லை. எல்லோரும் படித்தவர்கள்.

அதிகாரி விசாரணையை ஒத்திவைப்பதாகச் சொன்னார். "முடிக்கலை" என்றாள் அவள், வாயில் துப்பட்டாவை அமுக்கியபடி. "எழுதினதைப் படிச்சுக் காட்டச் சொல்லுங்க. கையெழுத்துப் போட்டுட்டுத்தான் போவேன்."

எழுத்தர் காகிதத்தைத் துடைத்தார். தயங்கினார். குரலைத் தாழ்த்தித் தமிழிலேயே கேட்டார்: "ஸ்டாண்டுன்னு எழுதியிருக்கேன்மா. நில்லுன்னு அர்த்தம் போடவா, இரும்பு ஸ்டாண்டுன்னு போடவா?"

கூடம் முழுவதும் அந்தக் கேள்விமேல்தான் இருந்தது. நில் என்று எழுதினால் கிரேன்காரர் சொல்லைக் கேட்காத குற்றவாளி. இரும்பு என்று எழுதினால் இறக்கச் சொன்னவள் அவள்.

"நான் சொன்னது நில்லு. அவருக்குக் கேட்டது இரும்பு. ரெண்டையும் எழுதுங்க. சோடாபுட்டி அதைக் கேட்டு நின்னான், அதையும் எழுதுங்க."

எழுதினார். ரத்தக் கறைக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

விளைவு? நியாயம் முழுசாகக் கிடைத்தது என்று எழுத ஆசைதான். எழுத முடியாது. பலகையைப் பற்றி விசாரித்தபோது அப்படி ஒன்று இருந்ததே இல்லை என்று நிர்வாகம் எழுதிக் கொடுத்தது. டைக்கு வேறு வளாகத்தில் இன்னும் பெரிய பதவி. இறைச்சிக் கடைக்காரர் மூன்று நாள் உள்ளே இருந்து வந்தார். அவளை ஒரு வருடம் வெளியே நிறுத்தினார்கள். அந்த ஒரு வருடமும் வீட்டில் உட்கார்ந்து, யாருடைய ஸ்கேலும் இல்லாமல், ஆங்கிலத்தை வெறிபிடித்த மாதிரி படித்தாள். இன்று அவள் வகுப்பில், வாய்க்கு எந்தச் சொல் முதலில் வருகிறதோ அதை உரக்கச் சொல்ல வேண்டும். ஆங்கிலம் இரண்டாவதாக வரலாம், தப்பில்லை. பதறினால் தாய்மொழியில் கத்துவதற்கு அங்கே மதிப்பெண்கூட உண்டு. சோடாபுட்டி இடது கையால் எழுதப் பழகி வரைபட நிறுவனம் ஒன்றில் வேலை செய்கிறான். இருவரும் பேசிக்கொள்வதுண்டு, அடிக்கடி அல்ல.

கிரேன்காரரை விசாரணை முடிந்த எட்டாம் நாள் காலை விட்டார்கள். சிறை வாசலில் அவள் நின்றிருந்தாள், முகம் இன்னும் வீங்கியபடி. அவர் படியிறங்கி வந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"வாய் எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்லைண்ணே. தோள்?"

"இனிமே தூக்க முடியாதுன்னுட்டாங்க. பொத்தான் அமுக்க இந்தக் கை போதும், ஆனா யாரு வேலை குடுப்பான்?" கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு திரும்பினார். கோபமா, ஆற்றாமையா, அவளுக்கு இன்றுவரை தெரியவில்லை. "ஏம்மா, படிச்ச புள்ளை. 'இறக்காதே'ன்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாமே. நான் உன்னைக் காட்டிக்கொடுத்திருப்பேனா?"

"மாட்டீங்கண்ணே."

"அப்புறம்?"

பேருந்து வந்தது. அவரால் கம்பியைப் பிடித்து ஏற முடியவில்லை. அவர் முதுகில் கைவைத்து அவள் ஏற்றிவிட்டாள்.